காரியத்துக்குப் போய்த் திரும்பும் படங்கள்

என்னிடம் ஒரு பஸ் டிக்கெட் இருக்கிறது. வெளிர் ரோஸ் நிறம், மெல்லிய காகிதம். மூடிப்போன ஒரு தனியார் பஸ் கம்பெனியின் பெயர் மேலே பாதி அழிந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யாரும் எந்த ஊருக்கும் போனதில்லை. துளை போட வேண்டிய இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அது என் கைக்கு எப்படி வந்தது என்று எழுத உட்கார்ந்ததும், வேலையில் பழகிய வழக்கப்படி முதலில் நடந்தவற்றை வரிசைப்படுத்தினேன்.

1. ஐப்பசி மழையில் எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் பீரோ ஒன்று அடித்தட்டில் நனைந்தது. கூரை ஒழுகவில்லை.

2. சங்கத்தின் சேகரிப்பு முழுவதையும் சென்னையில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கச் செயலாளர் கையெழுத்துப் போட்டார்.

3. பெட்டிகளைக் கட்டி ஒட்டிய பிறகு, அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெண் வந்து ஒரு படம் கேட்டார். செயலாளர் பெட்டியைப் பிரித்தார்.

4. வேன் வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனது.

5. செயலாளர் இறந்துபோனார்.

6. படம் திரும்பி வந்தது. வாங்கி வைக்க ஆள் இல்லை.

வரிசை சரிதான். என் மேலதிகாரியிடம் கொடுத்தால் இதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டார். ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த மனிதரைத் தெரியாது. அதனால் இனி வரிசையை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஊரில் யாரும் அவரைச் செயலாளர் என்று சொன்னதில்லை. செக்கர் என்றுதான் சொல்வார்கள். அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ஒரு புளியமரத்தடியில் நின்று கை காட்டுவார், பஸ் நிற்கும், உள்ளே இருக்கிற பேச்சு அடங்கிவிடும். அந்தப் பயம் அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஆட்களை விட்டுப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உரக்கடைக்கு மேலேதான் சங்கத்தின் அறை. படியேறி உள்ளே வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் தம்மை அறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அவருக்கு அது தெரியும். "உள்ள வாப்பா. இங்க எறக்கி வுட மாட்டேன்" என்பார், முகத்தில் சிரிப்பு இல்லாமல்.

அந்த அறையில் இருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிரம்மதேசம் கோயில் கல்வெட்டுகள் மேல் காகிதத்தை ஒட்டி மை ஒற்றி எடுத்த படிகள், சுருட்டிச் சணல் கட்டி வைத்தவை. பழைய நிலப் பத்திரங்களின் நகல்கள். உப்பளங்களில் ஆட்கள் பேர் போட்ட தாள்கள். தேர்த்திருவிழா நோட்டீஸ்கள், சர்ச் திருவிழா நோட்டீஸ்கள். ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் உப்பு ஏற்றிப் போன படகு ஒன்றின் துடுப்பு. யாரோ கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனது. வெளியூரிலிருந்து ஆய்வு செய்ய வருகிறவர்கள் இவற்றைத்தான் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் ஒருவர்கூட இவற்றைக் கேட்டு வந்ததில்லை. அவர்களுக்கு அந்த அறை என்றால் படங்கள் மட்டும்தான்.

நான் பள்ளியில் படித்தபோது ஒரு புயல் வந்தது. கழுவெளி ஏரிப் பக்கம் இருந்து வந்த தண்ணீரும் கடல் பக்கம் இருந்து வந்த தண்ணீரும் தாழ்வான தெருக்களில் சந்தித்துக்கொண்டன. தண்ணீர் வடிந்த பிறகு சனங்கள் வீட்டிலிருந்து முதலில் எடுத்து வெயிலில் காய வைத்தவை ரேஷன் கார்டு, பட்டா, போட்டோ. காய்ந்த போட்டோவை மறுபடியும் அதே சுவரில் மாட்ட மனம் வரவில்லை. செக்கரின் அறை மாடியில் இருந்தது. "மாடியில இருக்கட்டும். எங்க வூட்ல மாட்டுனா அடுத்த தண்ணிக்குப் போயிடும்" என்று ஒருவர் கொண்டுவந்து வைத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். பிறகு மழை வந்தாலும் வராவிட்டாலும் கொண்டுவந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு படம், சில குடும்பங்களுக்கு அந்த ஒன்றுதான் மொத்தமும்.

யாரும் கொடுத்துவிடவில்லை. வைத்திருந்தார்கள். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது. வீட்டில் சாவு விழுந்தால் படம் வீட்டுக்குப் போகும். மாலை போட்டு, விளக்கு வைத்து, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் நடுவீட்டில் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் முப்பதாம் நாள் பூசை வரைக்கும். முடிந்ததும் திரும்பி வந்துவிடும். படம் போகும்போது செக்கர், அந்த மூடிப்போன பஸ் கம்பெனிக்காரர் கொடுத்த டிக்கெட் கட்டிலிருந்து அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு டிக்கெட்டைக் கிழிப்பார். ஒன்று படம் இருந்த இடத்தில். இன்னொன்று குடும்பத்தார் கையில். திரும்பி வரும்போது டிக்கெட்டைக் காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்து, பழைய கருவியால் ஒரு துளை போடுவார். பயணம் முடிந்தது என்று அர்த்தம். மகனே வந்து கேட்டாலும், சங்கத் தலைவரே வந்து கேட்டாலும் டிக்கெட் இல்லாமல் படம் நகராது.

நான் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கணினியில் சேமித்துப் பாதுகாக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண், ஓர் இடம். எதுவும் தொலையக் கூடாது, எதுவும் இடம் மாறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துப் படங்களை ஸ்கேன் செய்து தர ஒப்புக்கொண்டு போனவள், முதல் நாளே அதிர்ந்துபோனேன். கண்ணாடிச் சட்டங்களில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. சில படங்களில் குங்குமம் இறங்கி நெற்றியோடு கலந்துவிட்டிருந்தது. ஒரு பெட்டியில் படங்களைவிட டிக்கெட்டுகள் அதிகம் இருந்தன.

"சார், அசலை வெளியே அனுப்பக் கூடாது. ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் கொஞ்சம் கெட்டுப்போகும்" என்றேன்.

அவர் என்னை ஸ்கேன் என்றுதான் கூப்பிடுவார். "ஏம்மா ஸ்கேனு, படம் ஆளுக்கா, பீரோவுக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடும் சார், இப்படியே போனா."

"போவட்டும். எல்லாம் ஒரு நாளைக்கி எறங்க வேண்டியதுதான்."

இந்தப் பேச்சு எங்களுக்குள் பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. இருவரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனாலும் மூன்று மணிக்கு அவர் கீழே இறங்கிப் போய் எனக்கு டீயும் மசால் வடையும் வாங்கிவருவார். ஸ்கேனர் மேல் எண்ணெய்க் கையை வைக்கக் கூடாது என்று நான் சொன்னதிலிருந்து, வடையைத் தின்று கை கழுவும் வரைக்கும் படிக்கட்டுப் பக்கமே நிற்க வைப்பார்.

இப்போது உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீரோக்கள் மரத்தாலானவை. கரையான் வராமலிருக்க, அடித்தட்டில் உப்பைப் பரப்பி அதன் மேல் பலகை போட்டு, பலகை மேல் பெட்டிகளை வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தென்னங்கன்றுக்குக் குழி எடுத்தாலும் உப்பு, வாசற்கால் ஊன்றினாலும் உப்பு. சங்கத்து உறுப்பினர்களில் பாதிப்பேர் உப்பளத்துக் குடும்பங்கள். அந்த உப்பு ஒரு மழைக்காலம் முழுக்க அம்பாரமாகக் கீற்றுக்கு அடியில் கிடந்து, கசப்பு நீரெல்லாம் வடிந்த பழைய உப்பு. அது எந்தக் காற்றிலும் அசையாது, கல் மாதிரி கிடக்கும். வருடக்கணக்கில் ஒரு கரையான்கூட வரவில்லை. அந்த வருடம் பலகையை எடுத்துச் சுத்தம் செய்தபோது பழையதை வாரிவிட்டு, உறுப்பினர் ஒருவர் தம் உப்பளத்திலிருந்து அனுப்பிய உப்பைப் பரப்பினார்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம். அது அந்தப் பருவத்துப் புது உப்பு. புது உப்பு மழைக்காற்று பட்டால் அழும் என்பது அங்கே வரப்பில் நடக்கிற எல்லாருக்கும் தெரியும். விற்கிற உப்பு என்றால் மூட்டை பிடிப்பதற்கு முன் ஒருவராவது கையில் அள்ளிப் பார்த்திருப்பார். இது சும்மா பீரோவுக்கு அடியில் போடுகிற உப்பு. யாரும் பார்க்கவில்லை.

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு வந்த ஞாயிறு பீரோவைத் திறந்தோம். அடிப்பலகை கறுத்திருந்தது. ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. செக்கர் குனிந்து பலகையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அடித்தட்டில் சட்டம் இல்லாத படங்களைப் போட்டு வைத்த பெட்டியைத் திறந்தபோது அவை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. மேலே இருந்த படத்தின் மூலையை மெதுவாகத் தூக்கினேன். கீழே இருந்தவரின் முகம் இதன் முதுகோடு வந்துவிட்டது. கையை எடுத்துவிட்டேன். மேல் தட்டிலிருந்து ஸ்கேன் செய்துகொண்டு வந்ததில், அந்தப் பெட்டி மட்டும் இன்னும் ஸ்கேன் ஆகவில்லை.

அவர் தரையில் உட்கார்ந்தார். நான் அதுவரை அவர் தரையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. "புது உப்பும்மா" என்றார். "நானே நின்னு பரப்புனேன்."

அடுத்த வாரம் முழுக்க அவர் வீடுவீடாகப் போனார். அந்தப் பெட்டியில் யார் யார் படம் இருந்ததோ அவர்கள் வீட்டுக்கெல்லாம். உறுப்பினர்கள் போன் போட்டுச் சொல்லலாம் என்றார்கள், கேட்கவில்லை. இரண்டு வீடுகளுக்கு நானும் கூடப் போனேன். முதல் வீட்டில் ஒரு பெரியவர், "ஆளே போயாச்சு செக்கர். படத்துக்கு என்னா பண்றது. டீ சாப்புட்றீங்களா?" என்றார். அந்த டீயைக் குடித்து முடிக்கச் செக்கர் கஷ்டப்பட்டார். இரண்டாவது வீட்டில், கணவனை இழந்த ஓர் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். சத்தம் போடவில்லை.

"டிக்கெட் இல்லன்னு எங்க வூட்டுக்காரரை அனுமந்தையில எறக்கி வுட்டியே செக்கரே, நெனப்பு இருக்குதா? கைப்புள்ளையோட நானும் எறங்குனேன். இப்ப அவரு படத்தையே தொலைச்சிட்டு வந்து நிக்கிற. உன்னை யாரு எறக்கி வுட்றது?"

செக்கர் தலையை மட்டும் ஆட்டினார். வண்டியில் திரும்பினோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "அந்த மெட்ராஸ் மேடத்துக்கு போன் போடும்மா" என்றார்.

சென்னைக் காப்பகத்திலிருந்து அந்த மேடம் ஏற்கெனவே இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். குளிரூட்டிய அறை, அமிலம் இல்லாத அட்டைப் பெட்டிகள், தீ பிடித்தால் அணைக்கும் ஏற்பாடு எல்லாம் அங்கே இருந்தன. எனக்கு அப்போதே சம்மதம்தான். செக்கர்தான் தள்ளிக்கொண்டே வந்தார். மூன்றாவது முறை மேடம் ஒப்பந்தத்தோடு வந்தபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காரியத்துக்கு வெளிய போவுங்களா?"

"இல்லைங்க சார். உள்ளே வந்த பிறகு அசல் வெளியே போகாது. காப்பி எத்தனை வேணும்னாலும் கொடுப்போம்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் அளங்கள் எல்லாம் தண்ணீர் நிறைந்து ஒரே ஏரி மாதிரி கிடந்தன. வைத்துக்கொண்டால் வாக்கு நிற்கும், படங்கள் போய்விடலாம். கொடுத்தால் படங்கள் நிற்கும், வாக்கு போய்விடும். இதை அவர் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன். அவர் சொன்னது, "பேனா குடுங்க" என்பது மட்டும்.

பெட்டி கட்டுகிற வேலை ஒரு வாரம் நடந்தது. நான் லீவு போட்டுக்கொண்டு போனேன். பட்டியல் தயாரித்தது நான். ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை உருப்படி என்று ஒட்டியதும் நான். செக்கருடைய படமும் அதில் ஒன்று: காக்கிச் சட்டையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பஸ் படியில் நிற்கிற படம். புயலுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் படம் கொண்டுவர ஆரம்பித்ததும், தாமும் தம் வீட்டுச் சுவரிலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தாராம்.

"இதை மட்டும் எடுத்து வெச்சிக்கங்க சார்" என்றேன்.

"ஏன், நான் என்னா நாளைக்கேவா எறங்கப் போறேன்? போடும்மா உள்ள. ஊர் படமெல்லாம் போவுது, எம் படத்துக்கு மட்டும் சீட் புடிச்சி வெக்கணுமா?"

போட்டேன். எண் ஒட்டினேன்.

கடைசிப் பெட்டியையும் ஒட்டிய மறுநாள், வரிசையில் மூன்றாவதாகச் சொன்ன அந்த அக்கா வந்தார். உப்பளத்தில் வரப்பு மிதிக்கிறதிலிருந்து உப்பு வாருகிறது வரை எல்லா வேலையும் செய்கிறவர்; மழைக்காலத்தில் வேலை கிடையாது. தலைமுடி கலைந்திருந்தது. முந்தின நாள் அவருடைய அம்மா இறந்திருந்தார். உடலை எடுப்பதற்கு முன் படம் வேண்டும் என்று வந்திருந்தார். எந்தப் படம் என்று எனக்கு உடனே தெரிந்தது. திருவிழாவில் தட்டி கட்டிப் போட்ட ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் ஆகாய விமானம் வரைந்த திரை. முன்னால் ஓர் இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தை. அந்தக் குழந்தைதான் இந்த அக்கா.

"அக்கா, பெட்டியெல்லாம் ஒட்டியாச்சு. ஆனா அந்தப் படம் என் கம்ப்யூட்டர்ல இருக்குது. எவ்ளோ பெருசா வேணும்னாலும் பிரிண்ட் போட்டுத் தர்றேன். ஒரு மணி நேரத்துல தர்றேன்" என்றேன்.

"தெரு முனைக்கு அது போதும் பாப்பா. தம்பி பிளெக்ஸுக்கு சொல்லிட்டான்" என்றார். பிறகு செக்கரைப் பார்த்து, "வூட்டுக்கு எங்க அம்மா வரணும்" என்றார்.

செக்கர் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பட்டியல் சென்னைக்குப் போய்விட்டது. பெட்டியும் பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்றால் அவர்கள் எதையுமே எடுத்துக்கொள்ளாமல் திரும்பலாம். கார்த்திகை மழை பாக்கி இருக்கிறது. இன்னும் ஒரு பெட்டி அந்த மாதிரி ஆனால் யார் வீட்டுக்குப் போய் நிற்பது என்றும் கேட்டேன். அது கடுமையான கேள்விதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்துப் பெட்டியின் டேப்பை நீளமாக அறுத்தார். படத்தை எடுத்துத் தன் துண்டால் துடைத்தார். டிக்கெட் கட்டைப் பிரித்து இரண்டைக் கிழித்தார்.

"பத்திரமா வெய்யி. திரும்பி வரும்போது கேப்பேன்."

அந்த அக்கா டிக்கெட்டை மடித்து, இடுப்பில் செருகியிருந்த சின்னச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார். கீழே உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டு நின்றார்கள்.

வேன் வந்த அன்று மேடம் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து சரிபார்த்தார். அந்தப் பெட்டியில் படத்துக்குப் பதில் ஒரு ரோஸ் டிக்கெட் இருந்தது. அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இது என்ன சார்?"

"காரியத்துக்குப் போயிருக்குதுங்க. வந்துடும்."

"பட்டியல்ல இருக்கே. இல்லாததை நான் வாங்கினதா எழுத முடியாது."

"வெளிய போயிருக்குதுன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு கட்டம் எங்க படிவத்துல இல்ல சார்."

"அப்ப ஒரு கோடு போடுங்க மேடம். ஸ்கேலு தர்றேன்."

மேடம் சிரித்துவிட்டார். செக்கர் சிரிக்கவில்லை. பிறகு மேடம் அந்த வரிக்கு எதிரே "வரவேண்டியது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். டிக்கெட்டை இருந்தபடியே பெட்டிக்குள் வைத்து மூடினார். வந்த பிறகு நான் அனுப்பிவைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அனுப்பிவிட்டால் அதுவும் மறுபடி வெளியே வராது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

வேன் திண்டிவனம் சாலையில் திரும்பிய பிறகு மாடிக்கு வந்தோம். பீரோக்கள் திறந்து கிடந்தன. அவர் விளக்குமாற்றை எடுத்து மிச்சமிருந்த உப்பைக் கூட்ட ஆரம்பித்தார். நான் வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. "இன்னைக்கித்தாம்மா ரிட்டயர் ஆனேன்" என்றார். டிக்கெட் கட்டில் மிச்சமிருந்ததையும் துளை போடும் கருவியையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "அந்தப் பொண்ணு படம் கொண்டாந்தா துளை போடணும். நான் இருந்தா நான் போடறேன். எதுக்கும் உங்கிட்ட இருக்கட்டும்."

அதற்கு அடுத்த வாரம் அவர் இறந்தார். விடிகாலையில் நெஞ்சு வலி என்றாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு, பஸ் பொம்மையார்பாளையம் தாண்டும்போது போன் வந்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, திரும்பி வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

வீட்டில் அவருடைய மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வூட்ல அவரு படம் ஒண்ணுகூட இல்லம்மா. ஆதார் கார்டுல இருக்கறது ஒண்ணுதான். அது அவரு மூஞ்சே இல்ல" என்றார். மேடத்துக்கு போன் போட்டேன். அவர் நிஜமாகவே வருந்தினார். பிறகு, "அசல் வெளியே போகக் கூடாதுங்கற விதிக்கு அவரேதான் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. நான் என் கணினியிலிருந்து படத்தை எடுத்து, ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டுக் கண்ணாடிச் சட்டம் மாட்டி எடுத்துவந்தேன். அசலில் இருந்த கீறல்களைக்கூட நீக்கியிருந்தேன். மாலை போட்டார்கள். விளக்கு வைத்தார்கள். வந்தவர்கள் கும்பிட்டார்கள். காப்பி என்று யாரும் குறை சொல்லவில்லை. அவருடைய மனைவி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. அவரு மாதிரியே இருக்குது" என்றார்.

காப்பி போதும் என்று அவரிடம் நான் ஒவ்வொரு ஞாயிறும் வாதாடியிருக்கிறேன். போதுமாகத்தான் இருந்தது. வாதத்தில் ஜெயித்தவள் அந்த வீட்டில் ஓர் ஓரமாக நின்று, அந்த அம்மா சொன்ன "மாதிரியே" என்ற சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன். என் வேலையில் அதற்கு ஓர் எண் கிடையாது.

அவருடைய பதினாறாம் நாள் வருவதற்கு முன் அந்த அக்காவுடைய அம்மாவின் காரியம் முடிந்தது. படத்தோடு அறைக்குப் போயிருக்கிறார். அறையில் யூரியா மூட்டைகள் இருந்தன. கடைக்காரர் என் வீட்டைக் காட்டி அனுப்பியிருக்கிறார். படத்தை ஒரு புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடியில் சந்தனம் ஈரமாகவே இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து டிக்கெட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"கேப்பாருன்னு பத்திரமா வெச்சிருந்தேன்."

மஞ்சள் பையிலிருந்து கருவியை எடுத்தேன். அப்போது அவர், "பாப்பா, இதுவும் மெட்ராஸுக்குப் போயிடுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாதுகாப்பாக இருக்கும் என்றேன். கெட்டுப்போகாது என்றேன்.

"கெட்டுப்போவாது, சரி. ஆனா என் படமும் இதுதானே. நான் போனா எம் புள்ளைங்க எங்க வந்து கேக்கும்?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. பதில் தெரிந்தவள் நான் என்று நினைத்துக் கேட்டார். கருவியை மேசை மேல் வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்தது இது. காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். குடும்பத்தில் சாவு நேர்ந்தாலும் தெவசம் வந்தாலும், வைத்த குடும்பத்துக்கு அசல் படம் போய்த் திரும்ப ஒப்பந்தத்தில் இடம் வேண்டும். எப்படிக் கட்டி அனுப்புவது, எத்தனை நாளில் திரும்ப வேண்டும், சேதமானால் யார் பொறுப்பு என்பதற்கெல்லாம் நானே விதிகள் எழுதி இணைத்தேன். எனக்கு எழுத வருவது அதுதான். முதல் வேண்டுகோளாக, பஸ் படியில் நிற்கும் செக்கரின் படத்தை அவருடைய முதல் தெவசத்துக்குக் கேட்டேன். கட்டிலிருந்து அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு டிக்கெட்டைக் கிழித்தேன். ஒன்றைக் கடிதத்தோடு வைத்து, படத்தை எடுத்த இடத்தில் இதை வைக்கும்படி எழுதினேன். இன்னொன்றை அவருடைய மனைவியிடம் கொடுத்தேன். அவர் அதை ரேஷன் கார்டுக்குள் வைத்தார்.

மேடம் பதில் எழுதியிருக்கிறார். கடிதத்தைக் குழுவின் முன் வைத்திருப்பதாகவும், டிக்கெட்டைக் கோப்பில் பத்திரமாகச் சேர்த்திருப்பதாகவும், குழு இன்னும் கூடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். வரவேண்டிய அந்த ஒரு படத்தை அனுப்பும்படியும் நினைவூட்டியிருக்கிறார்.

இப்போது நிலைமை இது. தெவசம் கார்த்திகையில் வருகிறது. திருவிழா ஸ்டூடியோவில் எடுத்த அம்மாவும் கைக்குழந்தையும் என் வீட்டு மாடியில், மேல் தட்டில் இருக்கிறார்கள். அடியில் உப்பு போடவில்லை. அந்த அக்கா கொண்டுவந்த டிக்கெட் என் மேசை மேல் இருக்கிறது. நான் இன்னும் துளை போடவில்லை.